பொன்முடிக் கதையும் மிதவை நூலும்

ஒரு பொருள் நீரில் ஏன் மிதக்கிறது, மற்றொன்று ஏன் அமிழ்கிறது என்னும் வினாவுக்கு விடை கண்டவர் கிரேக்கப் பேரறிஞர் ஆர்க்கிமிடீசு என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அவர் அவ்விடையைக் கண்ட வகையும் அவ்வாறே எல்லாரும் அறிந்தது. குளியல் தொட்டியில் இறங்கினார், நீர் வழிந்தது, 'கண்டுகொண்டேன்' என்று கூவியவாறே ஆடையின்றித் தெருவில் ஓடினார் என்பது கதை. அறிவியல் வரலாற்றில் இத்துணைப் பரவிய கதை பிறிதொன்று இல்லை எனலாம். ஆயின், மிதத்தலைப் பற்றி ஆர்க்கிமிடீசு தாமே எழுதிய நூல் ஒன்று உண்டு என்பதையும், அந்நூலுள் இக்கதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் அறிந்தோர் சிலரே. கதை ஒரு வழியாக நம்மிடம் வந்தது. நூல் வேறொரு வழியாக வந்தது. இவ்விரண்டனையும் தனித்தனியே வைத்து நோக்கி, கதை நூலின் இடத்தை எவ்வாறு கைக்கொண்டது என்று காண்பதே இக்கட்டுரையில் நாம் மேற்கொண்ட பணி.

முதற்கண் கதைக்குச் சான்று யாது எனக் காண்போம். ஆர்க்கிமிடீசு சிசிலித் தீவிலுள்ள சைரக்கியூசு நகரில் வாழ்ந்தவர், கி.மு. 212இல் உரோமானியப் படை அந்நகரைக் கைப்பற்றியபோது கொல்லப்பட்டவர். அவர் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றபின், அகசுட்டசு காலத்தில் வாழ்ந்த விட்ருவியசு என்னும் உரோமானியக் கட்டடக் கலைஞர் தம் நூலின் ஒன்பதாம் பகுதிக்கு எழுதிய முன்னுரையில்தான் கதை விரிவாக முதலில் நமக்குக் கிடைக்கிறது. ஈயரோன் என்னும் அரசன் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டவாறு பொன்முடி ஒன்று செய்விக்கிறான். (அதனை அரசன் தன் தலையில் அணியும் மணிமுடி எனப் பலர் எழுதுவது பிழை. விட்ருவியசு ஆளும் இலத்தீன் சொல் தலைமாலையைக் குறிப்பது. அது கோயிலுக்கு உரிய காணிக்கை.) பொற்கொல்லன் கொடுத்த பொன்னில் ஒரு பகுதியைத் திருடிக்கொண்டு வெள்ளியைக் கலந்துவிட்டான் என்று அரசனுக்கு ஐயம் எழுகிறது. எடையோ சரியாக இருக்கிறது. ஆர்க்கிமிடீசு முடியின் எடைக்கு ஒத்த எடையுடைய பொற்கட்டி ஒன்றும் வெள்ளிக் கட்டி ஒன்றும் செய்து, விளிம்புவரை நீர் நிரப்பிய கலத்தில் ஒவ்வொன்றாக இட்டு, வழிந்த நீரை அளக்கிறார். முடியை இட்டபோது பொற்கட்டிக்கு வழிந்ததைவிட மிகுதியான நீர் வழிகிறது. திருட்டு வெளிப்படுகிறது. விட்ருவியசுக்கு நூறாண்டு பிற்பட்ட புளூட்டார்க்கும் இந்நிகழ்ச்சியைச் சுருக்கமாகக் குறிக்கிறார். சைரக்கியூசு முற்றுகையை எழுதிய பொலிபியசு, ஆர்க்கிமிடீசின் காலத்துக்கு மிகவும் அணித்தாக வாழ்ந்தவர். அவர் நூலில் இன்று எஞ்சியிருக்கும் பகுதிகளில் இக்கதை இல்லை.

பிற்காலச் சான்று என்னும் ஒன்றைமட்டும் கொண்டு ஒரு செய்தியைத் தள்ளிவிடுதல் முறையன்று. ஆகவே கதை கூறும் சோதனையையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். முடியின் எடை 1000 கிராம் எனவும், அதில் 300 கிராம் வெள்ளி எனவும் கொள்வோம். பொன்னின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், வெள்ளியின் அடர்த்தி 10.5 கிராம். தூய பொற்கட்டியின் கனஅளவு 51.8 கன சென்டிமீட்டர். கலப்பு முடியின் கனஅளவு 64.8. வேறுபாடு 13 கன சென்டிமீட்டர் மட்டுமே. முடியை உள்ளடக்கத்தக்க கலத்தின் வாய் 20 சென்டிமீட்டர் விட்டமுடையதாயின், இவ்வேறுபாடு நீர்மட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தோன்றும். விளிம்புவரை நிரம்பிய நீர் உடனே வழிவதில்லை; சற்றே மேலெழுந்து குவிந்து நிற்கும். முடியின் இதழ்களுக்கிடையே காற்றுக் குமிழிகளும் தங்கும். இவற்றால் நேரும் பிழை நாம் அளக்க முயலும் வேறுபாட்டினும் பெரிதாகிவிடக் கூடும். கலிலியோ தம் 22ஆம் வயதில், 1586இல், 'சிறு தராசு' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிற்றேடு எழுதினார். விட்ருவியசு கூறும் முறை செம்மையற்றது, ஆர்க்கிமிடீசு போன்றார்க்கு அது தகாது என்பது அதில் அவர் கொண்ட கருத்து. முடியை ஒரு தட்டிலும் பொன்னை மறுதட்டிலும் தொங்கவிட்டு, இரண்டனையும் நீரில் அமிழ்த்தி நிறுத்தால், முன் கண்ட முடி 64.8 கிராமும் பொன் 51.8 கிராமும் எடை குறையும். 13 கிராம் வேறுபாடு என்பது எளிய தராசும் காட்டக்கூடியது. அளவு ஒன்றே, நீர்மட்டத்தில் தேடினால் கண்ணுக்குத் தப்புவது, தராசில் தேடினால் பளிச்செனத் தெரிகிறது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. விட்ருவியசு கூறும் சோதனைக்கும் மிதத்தலுக்கும் உண்மையில் தொடர்பே இல்லை. அமிழ்ந்த பொருள் தன் கனஅளவுக்கு ஒத்த நீரை அகற்றும் என்பது மட்டுமே அதன் அடிப்படை. நீருக்குப் பதிலாகத் தினையை எடுத்துக்கொள்ளலாம். முடியைக் கலத்தில் வைத்துச் சுற்றிலும் தினையை நிரப்பித் தலைதட்டி, எஞ்சிய தினையை அளந்தாலும் விடை கிடைத்துவிடும். தினையில் எதுவும் மிதப்பதில்லை. நீர் ஒரு பொருளை மேல்நோக்கித் தள்ளுகிறது என்னும் உண்மை கதையில் எங்கும் தேவைப்படவில்லை. கட்டை ஏன் மிதக்கிறது, கல் ஏன் அமிழ்கிறது என்று கதையைக் கேட்டவர் ஒருவர் வினவினால், கதையைக் கொண்டு அவருக்கு விடை கூற இயலாது.

இனி நூலுக்கு வருவோம். மிதக்கும் பொருள்களைப் பற்றிய ஆர்க்கிமிடீசின் நூல் இரு பகுதிகளை உடையது. அது குளியலிலும் தொடங்கவில்லை, பொன்னிலும் தொடங்கவில்லை. ஓர் எடுகோளோடு தொடங்குகிறது. நீர்மத்தின் பகுதிகள் இடைவெளியின்றித் தொடர்ந்து அமைந்தவை. குறைவாக அழுத்தப்பட்ட பகுதியை மிகுதியாக அழுத்தப்பட்ட பகுதி தள்ளும். ஒவ்வொரு பகுதியும் தனக்கு நேர்மேலே உள்ள நீர்மத்தால் அழுத்தப்படும். இவ்வளவே அவர் வேண்டிக்கொள்வது. இதிலிருந்து முதலாவதாக, அசைவற்று நிற்கும் எந்நீர்மத்தின் மேற்பரப்பும் நிலவுலகின் நடுவத்தையே தன் நடுவமாகக் கொண்ட கோளப் பரப்பாகும் என்று நிறுவுகிறார். பின்னர் வரும் தேற்றங்களே நம் வினாவுக்கு உரியவை. நீர்மத்தோடு ஒத்த அடர்த்தியுடைய பொருள் முழுதும் அமிழும். ஆயின் மேலும் கீழே செல்லாது. அடர்த்தி குறைந்த பொருளின் ஒரு பகுதி மேலே நிற்கும். அமிழ்ந்த பகுதியின் இடத்தை நிரப்பக்கூடிய நீர்மத்தின் எடை பொருளின் முழு எடைக்குச் சமமாகும் அளவே அது அமிழும். அதனை வலிந்து உள்ளே அமிழ்த்தினால், அவ்விரு எடைகளின் வேறுபாட்டுக்குச் சமமான விசையோடு மேலே தள்ளப்படும். அடர்த்தி மிகுந்த பொருள் அடிவரை செல்லும். அதனை நீர்மத்துள் நிறுத்தால், அதன் இடத்தை நிரப்பக்கூடிய நீர்மத்தின் எடையளவு அது எடை குறைந்து நிற்கும். இக்கடைசிக் கூற்று முதற்பகுதியின் ஏழாம் தேற்றம். நீர்த்தராசின் உயிர்நிலை இதுவே.

இத்தேற்றங்களுக்கு அவர் காட்டும் நிறுவல் அழகியது, எளியதும் ஆகும். நிலவுலகின் நடுவத்திலிருந்து மேல்நோக்கி விரியும் இரண்டு சமக் கூம்புகளைக் கருதுக. ஒன்றனுள் மிதக்கும் பொருள் இருக்கிறது. அதன் அமிழ்ந்த பகுதிக்கு நிகரான வடிவும் அளவும் உடைய நீர்மப் பகுதியை மற்றொரு கூம்பினுள் மனத்தால் வரைந்துகொள்க. நீர்மம் அசைவற்று இருக்கிறது. ஆகவே இரு கூம்புகளிலும் அடியிலுள்ள பகுதிகள் சமமாக அழுத்தப்படுகின்றன; இல்லையேல் ஒன்று மற்றொன்றைத் தள்ளியிருக்கும். ஏனைய நீர்மம் இருபுறத்தும் சமம். எனவே பொருளின் எடையும் மனத்தால் வரைந்த அந்நீர்மப் பகுதியின் எடையும் சமமாதல் வேண்டும். இந்நிறுவலில் நீர் வழியவில்லை, கலம் இல்லை, அளக்கும் கருவியும் இல்லை. தொடக்கம் முதல் இறுதிவரை பேசப்படுவது எடை ஒன்றே. கதை கனஅளவைப் பற்றியது, நூல் எடையைப் பற்றியது என்று நாம் கூறுவது இது நோக்கியே. இரும்பாணி அமிழ்வதும் இரும்புக் கப்பல் மிதப்பதும் நூலால் விளங்கும், கதையால் விளங்கா.

இரண்டாம் பகுதி இதனினும் அரியது. பரவளைவு வடிவான திண்மம் ஒன்று சாய்த்து மிதக்கவிடப்பட்டால் எப்போது நிமிரும், எப்போது சாய்ந்தே நிற்கும் என்று பத்துத் தேற்றங்களில் ஆராய்கிறார். கப்பலின் அடிப்பாகத்தை நினைவூட்டும் வடிவம் அது. கப்பல்களின் உறுதிநிலையைப் பற்றிய இக்காலக் கொள்கையைப் பிரஞ்சு அறிஞர் பூகே 1746இல் வெளியிட்ட பின்னரே இத்துறையில் ஆர்க்கிமிடீசைக் கடந்து ஓரடி வைக்கப்பட்டது என்பது மிகையாகாது.

இத்தகைய நூல் இருக்க, உலகம் கதையை மட்டும் பற்றிக்கொண்டது ஏன்? விடை ஏடுகளின் வரலாற்றில் இருக்கிறது. விட்ருவியசின் நூல் இடைக்காலத்தில் பலமுறை படியெடுக்கப்பெற்றது. அச்சுக்கலை தோன்றிய சில பத்தாண்டுகளிலேயே அச்சேறியது. மிதவை நூலின் கிரேக்க மூலமோ ஒன்றிரண்டு படிகளில் உயிர் தாங்கி நின்றது. பிளெமிய நாட்டவரான மொயர்பெக் ஊர் வில்லியம் என்னும் துறவி 1269இல், போப்பாண்டவரின் அவை இருந்த விதெர்போ நகரில், ஆர்க்கிமிடீசின் நூல்களை இலத்தீனில் மொழிபெயர்த்தார். மிதவை நூலுக்கு அவர் கைக்கொண்ட கிரேக்க ஏடு 1311ஆம் ஆண்டு நூலகப் பட்டியல் ஒன்றில் இடம்பெற்றது. அதன்பின் அதனைப் பற்றிய செய்தியே இல்லை. அன்றுதொட்டு அறுநூறு ஆண்டுகள் அறிஞர் கையில் இருந்தது இலத்தீன் மொழிபெயர்ப்பு மட்டுமே. மூலநூல் மறையப் பிறர் தொகுப்பால் சில பாடல்கள் எஞ்சிய முத்தொள்ளாயிரத்தின் நிலையை அறிந்த தமிழாசிரியர்க்கு இது புதுமையன்று.

கதையின் குறையை உணர்ந்து திருத்தியவர்களும் இடைக்காலத்தில் இருந்தனர். கி.பி. 5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும், எடைகளைப் பற்றிய இலத்தீன் செய்யுள் ஒன்று பொன்முடியை நீருள் நிறுத்தே ஆராயச் சொல்கிறது. மெர்வு நகரில் வாழ்ந்த அல்-காசினி 1121ஐ ஒட்டி அரபு மொழியில் எழுதிய 'ஞானத் தராசு' என்னும் பெருநூல், நீர்த்தராசின் அமைப்பையும் பொன், வெள்ளி, மணிகளின் ஒப்படர்த்திகளையும் விரித்துரைக்கிறது. தமக்கு முன்னிருந்த அல்-பிரூனியின் அளவைகளையும் அவர் எடுத்தாள்கிறார். கலப்படம் காண நீருள் நிறுக்கும் மரபு இவ்வாறு மேற்கிலும் கிழக்கிலும் வழங்கிற்று. எனினும் குளியல் தொட்டியின் கவர்ச்சியை இவை வெல்லவில்லை.

16ஆம் நூற்றாண்டில் நூல் மீண்டும் வெளிச்சம் கண்டது. தர்த்தாலியா 1543இல் வெனிசு நகரில் முதற்பகுதியை இலத்தீனில் அச்சிட்டார். அது மொயர்பெக்கின் மொழிபெயர்ப்பே ஆயினும் அவர் பெயரை வெளியிட்டிலர். கொமந்தீனோ 1565இல் இரு பகுதிகளையும் கணித அறிவோடு திருத்திப் பொலோனா நகரில் வெளியிட்டார். நூல் கைக்கு வந்ததும் ஆராய்ச்சியும் உடனே கிளைத்தது. டச்சு அறிஞர் சீமோன் இசுதெவின் 1586இல் நீரெடையைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். அசையா நீருள் நீரின் ஒரு பகுதியையே தனியாகக் கருதுக. அது கீழே போகவில்லை, மேலே எழவில்லை. ஆகவே சுற்றியுள்ள நீர் அதன் எடையைத் தாங்குகிறது. அவ்விடத்தில் வேறு பொருளை வைத்தாலும் அதே தாங்கல் கிடைக்கும் என்னும் அவர் கருத்து ஆர்க்கிமிடீசின் நிறுவலை இன்னும் எளிதாக்குகிறது. அவர் இந்நூலை இலத்தீனில் எழுதவில்லை. தம் தாய்மொழியாகிய டச்சில் எழுதினார். அறிவியலுக்கு ஏற்ற மொழி டச்சே என வாதாடிக் கலைச்சொற்களையும் தாமே படைத்தார். அவற்றுட் பல இன்றும் அம்மொழியில் வழங்குகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் தனியே ஆராயத்தக்க செய்தி இது.

நூலின் கருத்துக்கு வந்த பெருஞ்சோதனை 1611இல் பிளாரன்சு நகரில் நிகழ்ந்தது. பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்பதில் வழக்குப் பிறந்தது. பனிக்கட்டி உறைந்து செறிந்த நீர். ஆகவே நீரினும் கனமானது. அதன் அகன்ற வடிவே நீரைப் பிளக்கவொட்டாமல் அதனைத் தாங்குகிறது என்றனர் அரிசுடாட்டிலைப் பின்பற்றியோர். இரும்பு, ஈயத் தகடுகள் மிதக்க, அவற்றினும் சிறிய ஊசி போன்றவை அமிழ்வது ஏன் என்று அரிசுடாட்டில் வடிவத்தைக் கொண்டே விளக்கியிருந்தார். பனிக்கட்டி விரிந்த நீர், நீரினும் அடர்த்தி குறைந்தது, எவ்வடிவினதாயினும் மிதக்கும் என்றார் கலிலியோ. அப்போது லொதொவீக்கோ தெல்லெ கொலொம்பெ என்பார் கருங்காலி மரத்தால் ஓர் உருண்டையும் மெல்லிய சில்லும் செய்து நீரில் இட்டுக் காட்டினார். உருண்டை அமிழ்ந்தது; சில்லு மிதந்தது. மரம் ஒன்றே, வடிவமே வேறு. காண்போர்க்கு இது கலிலியோவின் தோல்வியாகவே தோன்றியிருக்கும்.

கலிலியோ 1612இல் இத்தாலிய மொழியில் வெளியிட்ட நூலில் இதற்கு விடை கூறினார். சில்லை உற்றுநோக்குக என்கிறார். அது நீர்மட்டத்தின்மேல் கிடக்கவில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சிறு பள்ளத்தில் கிடக்கிறது. சுற்றிலும் நீர் வரப்புப் போல் நிற்கிறது. ஆகவே நீரில் இடம் கொண்டிருப்பது சில்லு மட்டுமன்று. சில்லும் அதன் மேலுள்ள காற்றும் சேர்ந்த ஒன்று. அச்சில்லையே நனைத்து நீருள் இட்டால் அமிழ்ந்துவிடுகிறது. வடிவம் மாறவில்லையே என்பது அவர் வாதம். அவ்வரப்பை நிலைநிறுத்துவது பரப்பு இழுவிசை என்பது யங், இலாப்பிளாசு ஆகியோரின் ஆராய்ச்சியால் 1805, 1806ஆம் ஆண்டுகளில் தெளிவாயிற்று. கலிலியோ அக்காரணத்தை அறிந்திலர். காற்றின் ஒட்டுதல் என்றே கருதினார். கொலொம்பெ காட்டிய நிகழ்ச்சி பொய்யன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. எதிர்க்கட்சியார் கையில் இருந்தது மெய்யான ஒரு புதிர்.

அந்நூலில் நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாத இடம் வேறொன்று. பெரிய உத்தரம் ஒன்று, தன் எடையில் மிகச் சிறு பங்கே எடையுள்ள நீரில் மிதக்கக்கூடும் என்று கலிலியோ காட்டுகிறார். உத்தரத்தின் வடிவுக்குச் சற்றே பெரிதான தொட்டி அமைத்துச் சிறிது நீர் வார்த்தால், அந்நீர் இடுக்கு வழியே சுற்றிலும் ஏறி உத்தரத்தைத் தூக்கிவிடும். 'பொருள் தன் எடைக்குச் சமமான நீரை வெளியேற்றும்' என்று நாம் பாடநூல்களில் எழுதும் தொடரை இங்கே சொல்லளவில் கொண்டால் முரண்பாடு நேரும். அத்துணை நீர் தொட்டியில் இருந்ததே இல்லை. ஆர்க்கிமிடீசு கூறியது அமிழ்ந்த பகுதியின் இடத்தை நிரப்பக்கூடிய நீரைப் பற்றி. வழிந்தோடிய நீரைப் பற்றியன்று. கதையின் வழிந்த நீர் தேற்றத்துள்ளும் புகுந்து அதன் சொற்பொருளை எவ்வளவு மாற்றிவிட்டது என்பதற்கு இத்தொடரே சான்று.

நூலின் கிரேக்க மூலம் கிடைத்த வரலாறு எஞ்சியுள்ளது. 10ஆம் நூற்றாண்டில் தோலேட்டில் எழுதப்பெற்ற ஆர்க்கிமிடீசு படி ஒன்று 13ஆம் நூற்றாண்டில் ஒரு குருவின் கையில் சிக்கியது. தோல் அருமையான காலம். அவர் எழுத்தைச் சுரண்டிக் கழுவி, ஏடுகளை இரண்டாக மடித்துக் குறுக்காகத் திருப்பி, 1229இல் அதன்மேல் வழிபாட்டு நூல் எழுதி முடித்தார். எழுத்தாணியால் கீறும் நம் பனையோலையில் இவ்வாறு செய்தல் இயலாது. ஆகவே ஓலைச்சுவடிப் பதிப்பாளர்க்கு இத்தொல்லையும் இல்லை, இத்தகைய புதையலும் இல்லை. டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஐபெர்க் 1906இல் கான்சுடாண்டிநோபிளில் அவ்வேட்டைக் கண்டு, வழிபாட்டு வரிகளுக்குக் கீழே மங்கித் தெரிந்தது ஆர்க்கிமிடீசின் எழுத்தென உணர்ந்தார். மிதவை நூலின் கிரேக்க மூலம் இன்று கிடைப்பது இவ்வொரு படியில் மட்டுமே. ஐபெர்க் உருப்பெருக்கும் ஆடியும் நிழற்படமும் கொண்டு படித்துப் பதிப்பித்தார். கண்ணுக்குப் புலப்படாத இடங்களில் மொயர்பெக்கின் இலத்தீனைத் துணைக்கொள்ள வேண்டியிருந்தது.

பின்னர் அவ்வேடு பொதுப்பார்வையிலிருந்து மறைந்தது. அக்காலத்தில் பழமைபோலத் தோன்றும் போலி ஓவியங்கள் நான்கு பக்கங்களின்மேல் தீட்டப்பெற்றன, பூஞ்சையும் படர்ந்தது. 1998 அக்டோபர் 29இல் நியூயார்க்கு நகரில் 20 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர் தம் பெயரை வெளியிடாமல், பால்ட்டிமோர் நகர வால்ட்டர்சு கலைக்கூடத்தில் ஆராய்ச்சிக்கு ஒப்படைத்தார். வெவ்வேறு நிற ஒளிகளில் படமெடுத்தும், ஓவியங்களுக்கு அடியில் மறைந்த எழுத்துகளுக்கு மையிலுள்ள இரும்பை எக்சு-கதிரால் தேடியும், ஐபெர்க் காணாத வரிகள் பலவற்றை அறிஞர் படித்தனர். அவர்தம் பதிப்பு 2011இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் வில்லியத்தின் இலத்தீனையும் கிரேக்க மூலத்தையும் ஒப்பிட்டு நோக்குவோர், தம் ஏட்டைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றிய அத்துறவியின் நேர்மையை வியப்பர். பொன்முடி அவ்விரண்டிலும் இல்லை.